டக்ளஸ் அண்ணனின் இடது கைக்கு ஒரு பெட்டி

லூர்து மேரி அக்காவின் கணவர் தவறி இருபது நாள்தான் ஆகியிருந்தது. 1978-ஆம் ஆண்டு, மழை பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தோட்டத்துச் சின்னக் கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அந்த அக்காதான். அன்றைக்கும் எழுந்து நின்று ஆரம்பித்தார். ஆனால் குரல் வழக்கமான இடத்துக்கு ஏறவில்லை. அழுது அழுது தொண்டை கீழே போயிருந்தது. எப்போதும் பாடுவதைவிட இரண்டு கட்டை இறங்கித் தொடங்கிவிட்டார். பின்பெஞ்சில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருந்தவர் டக்ளஸ் அண்ணன். வலது கை கட்டைமேல், இடது கை துருத்திமேல் இருந்ததால் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த வேலை என்னுடையது. அதனால்தான் எனக்குத் தெரிந்தது. அவர் விரல்களை மெல்லத் தூக்கினார். முதல் அடியை அக்கா தனியாகப் பாட விட்டார். இரண்டாம் அடியில், அந்தக் குரல் எங்கே இருந்ததோ அங்கே போய் விரலை வைத்தார். கேட்டவர்களுக்கு அப்படித்தான் ஏற்பாடு போலிருந்தது.

செபம் முடிந்ததும் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எர்னஸ்ட் வந்து, "என்னாண்ணே, இன்னிக்கிப் பாட்டு ரொம்ப எறங்கிப் போச்சு?" என்று கேட்டார்.

"எனக்குத் தொண்ட சரியில்லப்பா. நான்தான் எறக்கிப் பிடிக்கச் சொன்னேன்," என்றார் அண்ணன். லூர்து மேரி அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே அதைக் கேட்டார். அண்ணன் அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசியதில்லை.

டக்ளஸ் அண்ணனுக்கு எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையில் வேலை. சுங்கை லாலாங் பக்கம் இருக்கும் சின்னத் தோட்டம் எங்களுடையது. உறைந்த பாலை ரோலரில் கொடுத்துத் தகடாக்கி எடுப்பார். சட்டையில் எப்போதும் அந்தப் புளித்த வாடை இருக்கும். சனிக்கிழமை மாலையே லைஃபாய் சோப்புப் போட்டுக் கையைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். "கட்டையில வாட ஒட்டிக்கும் தம்பி, சாமிக்கு முன்னால நல்லாவா இருக்கும்?" என்பார். ஃபாதர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே செபம் சொல்லி, நாங்களே பாடிக்கொள்வோம். அதனால் ஆர்மோனியம்தான் எங்களுக்குப் பாதிக் கோயில்.

1981-இல் ஒரு நாள் ரோலர் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டது. ஆண்டவர் கிருபை, உயிர் தப்பினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின. மற்ற மூன்றும் போயின, மணிக்கட்டில் பலமும் போயிற்று. துரை அவரை ஆலையிலேயே தகடு எண்ணும் வேலைக்கு மாற்றினார். வண்டி ஓட்டுவதற்குக் குறையில்லை. அவருடைய கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு இடது கையில் கிளட்ச் கிடையாது. ஆனால் துருத்தி அடிக்க முடியவில்லை. காற்றில்லாத ஆர்மோனியம் வெறும் மரப்பெட்டிதானே.

கேதரின் அக்கா, அவருடைய மனைவி, எதிரே உட்கார்ந்து துருத்தி அடித்துப் பார்த்தார். ஒரே ஒரு ஞாயிறுதான்.

"நீட்டிப் பாடற எடத்துல காத்த நிறுத்திட்டியே!"

"கை வலிக்குதுங்க. அடுப்பு ஊதுற ஆள கூட்டியாந்து பாட்டு ஊதச் சொன்னா?"

"அடுப்பையும் பாதியிலதான் நிறுத்துவ. அதான் சோறு அப்பிடி இருக்கு."

பீடத்துக்கு முன்னாலேயே இந்தச் சண்டை. நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அண்ணனும் சிரித்தார். ஆனால் அடுத்த ஞாயிறு ஆர்மோனியத்தைத் துணியால் மூடிவிட்டு, கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பாட்டு வரும்போது வாய் அசையும், சத்தம் வராது. மூன்று வருடம் அப்படிப் போயிற்று. மற்றவர்கள் அவரை வாசிக்கக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். வாசிக்காமல் போனால் இந்த மனிதர் ஒருநாள் கோயிலுக்கு வருவதையும் விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். கேதரின் அக்காவுக்கும் அதே பயம்தான். அவர் ஜெபமாலை சொல்லும்போது முதல் கருத்தாக அதைத்தான் வைப்பார்.

1984-இல் ஃபாதர் ஒரு வழி சொன்னார். "டவுன்ல இப்ப கரண்டுல வாசிக்கிற கீபோர்டு வந்திருக்கு டக்ளஸ். துருத்தி வேணாம். தொட்டா சத்தம் வரும். கையில தூக்கிட்டும் போகலாம்."

கோயில் திருநாளில் பெண்கள் பலகாரம் விற்ற காசு முந்நூற்றைம்பது வெள்ளி இருந்தது. அதற்குள் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நானும் அண்ணனும் சுங்கைப்பட்டாணிக்குப் புறப்பட்டோம். எங்களோடு பக்கிரிசாமியும் வந்தார். அவர் மாரியம்மன் கோயில் பஜனையில் டோலக் அடிப்பவர், அண்ணனோடு ஆலையில் வேலை செய்பவர். அந்தக் கோயிலுக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்ததிலிருந்து, கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் விலை பேசுவதற்குத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்பது அவருடைய நினைப்பு.

கடை பளபளவென்று இருந்தது. மேலே நாலைந்து டியூப்லைட், இரண்டு காற்றாடி. தவுக்கே பெரிய கீபோர்டு ஒன்றைக் காட்டினார். பித்தானை அழுத்தினால் வயலின், இன்னொன்றை அழுத்தினால் புல்லாங்குழல். மூன்றாவதை அழுத்தியதும் உள்ளேயிருந்து டமடமவென்று தாளம் கிளம்பியது.

"அய்யோ, எஞ் சோத்துக்கே ஒல வச்சிட்டானுங்க," என்று பக்கிரிசாமி நெஞ்சில் கை வைத்தார். பிறகு அந்தத் தாளத்துக்கு இரண்டடி ஆடியும் காட்டினார்.

அண்ணன் வலது கையை வைத்து வாசித்தார். ஒரு மாதா பாட்டு. மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த விரல்கள் கட்டை தேடிப் போனதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. விலை நானூற்றைம்பது. பக்கிரிசாமி முக்கால் மணி நேரம் மலாயில் மன்றாடி, முந்நூற்றைம்பதுக்கு இறக்கினார். பஸ்ஸில் கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் கேட்டார். "குடுத்துருங்கண்ணே, அதுவும் பாடத்தானே போவுது," என்றார் பக்கிரிசாமி.

அன்று மாலை ஏழு மணிக்குக் கோயிலில் வைத்து வாசித்துப் பார்த்தோம். லயத்து வீடுகளில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். கேதரின் அக்கா வாசலிலேயே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை எட்டு மணி. ஃபாதர் வரும் ஞாயிறு வேறு. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் புத்தகத்தைப் பிடித்தேன். அவர் பித்தானை அழுத்தினார். சத்தமில்லை. மறுபடி அழுத்தினார். ஒயரை இழுத்துப் பார்த்தார். கோயில் முழுவதும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் தோட்டத்தில் கரண்டு மாலை ஆறரைக்கு வரும், இரவு பத்துக்குப் போகும். தோட்டத்து எஞ்சின் ஓடும் நேரம் அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து அப்படித்தான். அது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பகலில் லைட்டு எரியும் டவுன் கடையில் நின்றபோது மூன்று பேரில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. கோயிலில் சோதித்ததும் மாலை ஏழு மணிக்கு.

அந்த அமைதியில் லூர்து மேரி அக்கா எழுந்து பாட்டை எடுத்தார். எல்லாரும் பாடினோம். அண்ணன் எழுந்து கடைசிப் பெஞ்சுக்குப் போனார். பூசை முடிந்ததும் ஃபாதரிடம், "ஊர்க்காசு ஃபாதர். பலகாரம் சுட்ட காசு. நொண்டிக் கைக்கு வேற வேணுமாம் பாட்டு," என்று சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசைப் பெண்களிடம் கொடுத்துவிடச் சொல்லி என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

"நீங்களும் வாங்கண்ணே, தனியாப் போனா தவுக்கே என்னய ஏச்சுப்புடுவான்," என்று கெஞ்சித்தான் அவரைப் பஸ் ஏற்றினேன். பக்கிரிசாமியும் கூட வந்தார்.

தவுக்கே காசைத் திருப்பித் தர முடியாது என்று கையை ஆட்டிவிட்டார். "துக்கார் போலே," என்றார். மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பக்கிரிசாமியின் மலாய் இந்த முறை எடுபடவில்லை.

"அப்ப பேட்டரி போடறதாக் காட்டச் சொல்லு," என்றார் அண்ணன்.

பேட்டரி போடும் கீபோர்டு கடையில் இரண்டே இருந்தன. ஒன்றில் கட்டைகள் நல்ல அளவு. ஆனால் இன்னும் இருநூறு வெள்ளி வேண்டும். இன்னொன்று எங்கள் விலைக்குச் சரியாக வந்தது. ஆனால் கட்டைகள் ஒல்லி ஒல்லியாக, சுண்டுவிரல் அகலம்தான்.

"சின்னப் புள்ளைங்க வெளையாட்டுச் சாமான் மாதிரி இருக்குண்ணே," என்றார் பக்கிரிசாமி.

"இருக்கட்டும். மொதல்ல அந்த மெயின் சுவிட்ச நிறுத்தச் சொல்லு."

"என்னாது?"

"கட கரண்டு முழுசா நிக்கணும். ஒருவாட்டி பட்டாச்சுல்ல?"

பேட்டரியில் ஓடும் சாமானுக்குக் கடைக் கரண்டை ஏன் நிறுத்த வேண்டும் என்று தவுக்கேவுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. அவர் சிரித்துக்கொண்டே போய் நிறுத்தினார். காற்றாடிகள் சுற்றி ஓய்ந்தன. டார்ச்லைட் பேட்டரி ஆறு போட்ட அந்தச் சின்னப் பெட்டி, அரையிருட்டில், பாடியது. ஆனால் ஆலை வேலையில் தடித்த வலது கை விரல் ஒரு கட்டையைத் தொட்டால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து கத்தியது. அண்ணன் முகம் விழுந்துவிட்டது. நான் மனதுக்குள் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன்.

கண்ணாடி மேசையில் பெட்டி வழுக்கியது. விழுந்துவிடாமல் இருக்க அண்ணன் சட்டைப் பைக்குள் இருந்த இடது கையை எடுத்து அதன்மேல் வைத்தார். அந்த இரண்டு விரலும் இரண்டு கட்டைமேல் விழுந்தன. கீழ்க் குரலில் சுருதிப் பெட்டி போல ஒரு சத்தம் எழுந்து நின்றது.

அண்ணன் கையை எடுக்கவில்லை. வலது கையால் அந்த மாதா பாட்டைப் பிடித்தார். பிறகு இடது விரல்களை நகர்த்தினார். கட்டை ஒல்லியாக இருந்ததால் இரண்டே விரலுக்கு வேண்டிய தூரம் எட்டியது. நல்ல அளவுக் கட்டையிலும் வைத்துப் பார்த்தார். அங்கே எட்டவில்லை. திரும்ப இதற்கே வந்தார்.

"முப்பது வருசமா இந்தக் கையி காத்துதான் அடிச்சிச்சு தம்பி," என்றார். "ஒருநாள்கூட கட்டையத் தொட்டதில்ல. இப்பதான் பாட வந்திருக்கு."

பக்கிரிசாமி மூக்கை உறிஞ்சினார். "இதயே வாங்குங்கண்ணே. ஆனா பேட்டரிய தவுக்கே சும்மாதான் குடுக்கணும், சொல்லிட்டேன்."

தவுக்கே கொடுத்தார்.

வலது கை விரலைப் பழக்குவதற்கு அண்ணனுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. விரல் நுனியை மட்டும் நிறுத்தி வைக்கக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி மழைக்கோட்டில் சுருட்டப்பட்டு, கப்சாயின் பின்சீட்டில் டியூப் வாரால் கட்டப்பட்டு, போகாத தோட்டமில்லை. கோலா கெத்தில் பக்கம் போகும், ஒருமுறை கல்யாணத்துக்கு யான் என்ற ஊர் வரைக்கும் போயிற்று. வெள்ளிக்கிழமை பஜனைக்குப் பக்கிரிசாமி கூப்பிட்டபோது, "ஃபாதருகிட்ட கேட்டுச் சொல்றேன்," என்றார். ஃபாதர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். தகரக் கூரையில் மழை கொட்டினால் பெட்டியின் சத்தம் பக்கத்தில் இருக்கும் எனக்கே கேட்காது. அவர் நிறுத்த மாட்டார். ஜனங்கள் அவர் விரலைப் பார்த்துப் பாடுவார்கள். பேட்டரி இறங்கினால் சனிக்கிழமை கேதரின் அக்கா அதைக் கூரைமேல் வெயிலில் காய வைப்பார். ஒரு பாட்டுக்காவது உயிர் வந்துவிடும்.

1988-இல் அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பட்டர்வொர்த்தில் மகள் ஜேன் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். பெட்டியைத் துடைத்துப் பீடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அது ஊர்க்காசு, கோயிலுக்குத்தான் என்றார். இத்தனை வருடம் அவர் விரலைப் பார்த்துக்கொண்டே புத்தகம் பிடித்ததில், ஒரு கையால் தடவி வாசிக்கும் அளவுக்கு எனக்கு வந்திருந்தது. வேறு ஆளும் இல்லை.

லோரியில் சாமான் ஏறிவிட்டது. கேதரின் அக்கா கோழிக்கூண்டை மடியில் வைத்துக்கொண்டு, "வாங்க, டிரைவர் ஆரன் அடிக்கிறான்," என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு ஓராண்டில் அண்ணன் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். எனவே நான் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி. அவர் வலது கையை என் தோளில் வைத்தார். இடது கை வெளியேதான் இருந்தது, பைக்குள் இல்லை.

"வாசிச்சு முடிஞ்சதும் பேட்டரிய கழட்டி வச்சிரு தம்பி, ஒழுகிடும்," என்றார். லோரிப் படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார். "லூர்து மேரி எந்தக் கட்டையில எடுக்குதோ, நீ அங்க போயி நில்லு. அது ஒங்கிட்ட வரட்டும்னு காத்திருக்காத."