கையில் ஒரு உருண்டை வெல்லம்

எலுமிச்சை அளவு வெல்லம். காலை ஷிப்டுக்கு உள்ளே போகும்போது வாசலில் ஒரு ஆள் செய்தித்தாளைக் கிழித்து, அதில் வைத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பான். எங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு அவ்வளவுதான். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். தாம்பரத்தை அடுத்து, வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை. நான் பேக்கிங்கில் இருந்தேன். என் அக்காவின் கணவர், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், கழுவும் தொட்டியில் இருந்தார்.

தொட்டியில் இருந்தது தண்ணீர் அல்ல. இரும்புச் சாமானில் ஒட்டிய கிரீஸை எடுக்கும் கெமிக்கல். சூடாக்கினால் ஆவி எழும்பும், இனிப்பாக மணக்கும். மச்சான் குனிந்து சாமான் கூடையை இறக்கி, குனிந்தே தூக்குவார். முகத்தில் ஒரு கைக்குட்டை. சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது, ஓடாது. அதன் வெளிப்பக்கம் மைனா கூடு கட்டியிருந்தது. சரிசெய்யச் சொன்னால் சூப்பர்வைசர் சிரிப்பார். "குஞ்சு பொரிச்சிட்டுப் போவட்டும், பாவம். நீ வெல்லத்தைத் துன்னு பாய். உள்ள போனதையெல்லாம் அது கழுவிக்கினு போய்டும்." மைனாமேல் இருந்த இரக்கம் அந்த ஆளுக்கு எங்கள்மேல் இருந்ததில்லை.

மச்சான் ஒரு சொட்டு சாராயம் தொட்டவரில்லை. ஆனால் சில வருடங்களில், மாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது கால் பின்னும், நாக்கு குழறும். "இன்னா பாய், இன்னிக்கும் ஃபுல்லா?" என்று செம்பாக்கம் டீக்கடையிலிருந்து கத்துவார்கள். தொழுகையில் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டிய வரிசையில், பக்கத்து ஆள் கொஞ்சம் நகர்ந்து நின்றான். அந்த இடைவெளியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறவர், ஞாயிறு சாயங்காலம் தெளிந்து, ஏரிக்கரையில் அவர்களுக்குச் சைக்கிள் பழக்குவார். குடிகாரன் லீவு நாளில்தானே அதிகம் குடிப்பான்? இதை யோசிக்க ஒருவனுக்கும் மூளை இல்லை. கெட்டதென்னவோ மச்சானின் மூளை.

பிறகு ஞாயிற்றுக்கிழமையும் தெளிவதில்லை. ஒரு நாள் கூடையைத் தவறவிட்டுத் தொட்டி ஓரத்திலேயே சரிந்தார். குடித்துவிட்டு வந்தான் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். குடிகாரனுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? மறுநாள் அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

"இவர் வாயை மோந்து பாரு சார். சாராய நாத்தமா, உன் தொட்டி நாத்தமா?"

"பேஜார் பண்ணாதம்மா. டெய்லி வெல்லம் குடுத்துகினுதானே இருந்தோம்?" என்றார் சூப்பர்வைசர்.

"மூக்குல போனதுக்கு வாயில வெல்லமா? உன் புள்ளைய அந்தத் தொட்டியில குனிய வெய்யி. நான் ஒரு மூட்டை வெல்லம் தரேன்."

கேட்டைச் சாத்தினார்கள். நானும் அன்றோடு அந்த வேலையை விட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரும் எவ்வளவு குடிப்பார் என்றுதான் முதலில் கேட்டார். தொட்டியைப் பற்றிச் சொன்ன பிறகு, அந்த ஆவி மூளையைக் கெடுத்திருக்கிறது, போனது திரும்பாது என்றார். எழுதித் தாருங்கள் என்றதும் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. போன மாதம் ஒரு கல்யாணத்தில் அந்த சூப்பர்வைசரைப் பார்த்தேன். பிரியாணியை மென்றுகொண்டே, "பாய் எப்படி கீறாரு? ஒரு நாளும் நாங்க வெல்லத்தை நிறுத்தினதில்லப்பா" என்றார். எழுந்து வந்துவிட்டேன். இருந்திருந்தால் தட்டை அவர் முகத்தில் வீசியிருப்பேன்.

மச்சானுக்கு இப்போது அக்காவின் பெயர் தெரியாது. காலையில் எழுந்து தெருவில் இறங்குவார். திரும்பி வந்து சொந்த வீட்டு வாசலில் நின்று கையை நீட்டுவார். வெல்லம் வைக்காமல் உள்ளே வரமாட்டார். கேட்டில் நின்று அத்தனை பேச்சு பேசிய அக்கா, எலுமிச்சை அளவுக்கு ஒரு துண்டு உடைத்து அந்தக் கையில் வைக்கிறாள்.