பாண்டிமீனா போட்ட கையெழுத்து

ஏழாயிரம்பண்ணையில் பாண்டிமீனாவைத் தெரியாதவர்கள் குறைவு. அதற்கான காரணம் ஒன்றும் பெருமைக்குரியது அல்ல. ஆறு வருடத்துக்கு முன், பட்டாசு கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டிருந்தவள், வாசலோரம் புகை மாதிரி என்னவோ தெரிந்ததும், பக்கத்தில் இருந்தவளையும் இழுத்துக்கொண்டு கேட் வரைக்கும் ஓடிவிட்டாள். கடைசியில் பார்த்தால், யாரோ சாக்கை உதறிய தூசி! ஒரு மாதம் கம்பெனி வேனில் அவள் ஏறினாலே சிரிப்புத்தான். போர்மேன் சீனிச்சாமி மட்டும் சிரிக்கவில்லை.

“சிரிக்கிறவகளும் நாளைக்கு இப்படித்தான் ஓடணும். நின்னு பாத்தவக யாரும் திரும்பி வந்து சிரிச்சதில்ல” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் மேல் இவளுக்குத் தனி மரியாதை.

கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போனாள். வயிற்றில் ஏழாவது மாதம் வந்ததும் மாமியார் மாடத்தி நிறுத்திவிட்டாள். மாடத்தி நல்ல மனுஷிதான், வாய்தான் கொஞ்சம் நீளம். நாள் நேரம் பார்க்காமல் தேங்காய்கூட உடைக்க மாட்டாள்.

வலி வந்தது ஒரு வியாழக்கிழமை. புருஷன் கருப்பணன் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வெளியே நின்றான். மாடத்தி துணைக்கு உள்ளே இருந்தாள். மத்தியானம், வயிற்றில் பெல்ட் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிள்ளையின் இதயத் துடிப்பு இரண்டு தடவை இறங்கி ஏறியது. டாக்டர் ஷைலாவுக்கு அது பிடிக்கவில்லை. ஸ்கேன் மெஷினைக் கட்டிலருகே தள்ளிவரச் சொன்னார்.

“இப்பமாச்சும் ஆணா பொண்ணான்னு சொல்லுங்க தாயி. எப்படியும் செத்த நேரத்துல தெரியத்தான போகுது” என்றாள் மாடத்தி.

“அதைப் பாக்கலைம்மா. பிள்ளையோட மூளைக்கு ரத்தம் எப்படிப் போகுதுன்னு பாக்குறேன்.”

பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“பாண்டிமீனா, பிள்ளைக்கு ஆக்சிஜன் பத்தலை. அதனால மத்த இடத்துக்குப் போற ரத்தத்தைக் குறைச்சு மூளைக்குத் திருப்பி விட்டுக்கிட்டு இருக்கு. தன்னைத்தானே காப்பாத்திக்குது. ஆனா ரொம்ப நேரம் தாங்காது. லேட்டானா மூளை பாதிச்சிரும். உடனே ஆபரேஷன் பண்ணணும்.”

மாடத்தியின் கண் கடிகாரத்துக்குப் போனது. மணி இரண்டு.

“மூணு வரைக்கும் ராகுகாலம் தாயி. ஒரு மணி நேரம் பொறுங்க. துடிப்புதான் நல்லாக் கேக்குதே!”

கேட்கத்தான் செய்தது. அதுதான் பாண்டிமீனாவையும் குழப்பியது. வயிற்றைக் கிழிப்பது என்றால் அவளுக்கும் பயம்தான். ஆனால் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். வெறும் தூசியாகவே இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், ஊர் இன்னொரு மாதம் சிரிக்கட்டும் என்று நினைத்தாள்.

“அத்தே, புகையைப் பாத்த பெறகு நம்ம கம்பெனில யாராவது மணி பாப்பாகளா? பேப்பரைக் குடுங்க டாக்டரம்மா.”

படுத்தபடியே கையெழுத்துப் போட்டாள். நடுவில் வலி வந்து பெயரின் பாதி கோணிக்கொண்டு போனது.

பெண் பிள்ளை. தொப்புள்கொடி கழுத்தில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது. எடுத்ததும் அழவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் பாண்டிமீனா கும்பிடாத சாமி இல்லை. பிறகு பிள்ளை அழுததே ஓர் அழுகை, வெளியே நின்ற கருப்பணனுக்கே கேட்டது. அவன் பக்கத்தில் நின்ற மாடத்தி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “பாவி, நான் ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னேனே” என்று விம்மினாள்.

இப்போது ஹர்ஷினிக்கு மூன்று வயது. பேச்சில் மாடத்தியையே மிஞ்சுகிறாள். ராகுகாலம் பார்க்காமல் பிறந்தவள் என்று தெரு முழுக்கப் பெருமை அடிப்பதும் அந்த மாடத்திதான்.

பாண்டிமீனாவுக்கு மறக்காதது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அந்த நாள். டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர்தான் வந்தது.

“நான் பாத்துச் சொன்னேன், நீங்க உடனே சரின்னீங்க. ஆனா அது வரைக்கும் உள்ள தாக்குப்பிடிச்சது இவதான்” என்றார் ஷைலா.

பாண்டிமீனா பிள்ளையை மெல்லத் தூக்கினாள். உச்சந்தலையில் முத்தம் வைத்தாள்.

“நாங்க வர்ற வரைக்கும் ஒத்தையில தாங்கிட்டியே, என் ஆத்தா.”