மூக்கோடு நின்ற செங்கமாரி

புதுக் கமெரா கைக்கு வந்ததோடு எனக்குத் தலைக்கனமும் வந்துவிட்டது. புது வேலைக்கு முகப்படம் தேவை என்று மனைவியின் தம்பி சொன்னதும், ஸ்ரூடியோவுக்குப் போக விடாமல் மறித்து, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹோலிலேயே இருத்தினேன். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம். மற்றப் பக்கம் இருட்டாக இருக்கிறதே என்று, மஞ்சள் பல்பு போட்ட மேசை விளக்கைக் கன்னத்துக்குக் கிட்ட வைத்தேன்.

படத்தில் பாதி முகமும் ஒரு கண்ணின் வெள்ளையும் மஞ்சள் பூசினது போல இருந்தன. மஞ்சள் காமாலையேதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"தம்பி, உனக்குச் செங்கமாரி."

"ஓம் அத்தான், காலமையிலயிருந்தே ஒரு மாதிரித்தான் கிடக்கு. இனி மெடிக்கல்ல விழுத்திப்போடுவாங்கள், வேலையும் போச்சு," என்று கதிரையில் சரிந்தான். என்னை நம்பினானே, அவனைச் சொல்ல வேண்டும்.

ஓட்டோ பிடித்துப் பாமன்கடை டொக்டரிடம் ஓடினோம். வழி முழுக்க, பெரிய மடையன் நான் பார்த்தது கமெராவை. பக்கத்தில் இருந்தவனின் முகத்தை ஒருக்காலும் பார்க்கவில்லை.

டொக்டர் அவன் கண்ணை இழுத்துப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"செங்கமாரி மூக்கடிக்கு வந்து, அங்கால போக விசா இல்லாமல் நிண்டிட்டுதோ? எந்த லைட்டில எடுத்தனீங்கள்?"

மச்சான் நேரே ஸ்ரூடியோவுக்குப் போய்விட்டான்.

இப்போது யாரை எடுத்தாலும் வீட்டு பல்புகளை அணைத்து, ஜன்னலோரம் இருத்தி, இருட்டுப் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளை மட்டை பிடிக்கிறேன். படத்தில் வருத்தம் தெரிந்தால், டொக்டரைத் தேட முதல் சுவிட்சைத் தேடுகிறேன்.