இடக்கை அடுப்பு

பெங்களூர் போகிறவர்கள், அங்கே பழைய ஓட்டல்களில் எதில் சாப்பிடலாம் என்று என்னைக் கேட்பதுண்டு. சொல்வேன். பேட்டைக்குள் ஒரு சந்தில் பளிங்குக்கல் மேசை போட்ட ஓட்டல் இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் போனால் இட்லி கிடைக்கும், பிந்தினால் வரிசைதான் கிடைக்கும். கண்டோன்மென்ட் பக்கம் வெள்ளைக்காரன் காலத்து இடம் ஒன்று. அங்கே கட்லெட்டும், மூக்கு வைத்த பீங்கான் ஜாடியில் டீயும். மூன்றாவது, தோசைக்குப் பேர்போன ஓட்டல். அதன் பெயரையும் தெருவையும் இங்கே எழுதப்போவதில்லை. நேரில் கேட்டால் சொல்வேன். கூடவே, "தோசைக்கல் தெரிகிற மேசையாகப் பார்த்து உட்காருங்கள்" என்பேன். அந்தக் கல்லுக்குப் பின்னால் போய் நின்றுவிட வேண்டும் என்று ஒன்றரை வருடம் தவித்தவன் நான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வேப்பனப்பள்ளியில் மாங்காய் லோடு ஏற்றினேன். லாரியில் கிளீனராகப் போனேன். செங்கல் சூளையில் இருந்தேன். எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை; தங்கினால் காலில் அரிப்பு எடுத்துவிடும். தோசை போடக் கற்றது கோலார் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில், அங்கிருந்த மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்து படுத்த ஒரு வாரத்தில். எனக்குக் கை நன்றாக வந்தது. ஆனால் வந்தது இடது கை.

வீட்டில் இடது கையால் சமைத்தால் திட்டோடு போய்விடும். ஓட்டலில் அப்படியில்லை. திருப்பத்தூரில் ஒரு பெரியவர் நான் மாவு ஊற்றுவதைக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்து போனார். சேலத்தில் முதலாளி அரை நாள்தான் வைத்திருந்தார். "வேலை சுத்தம்டா, நான் இல்லேங்கல. ஆனா வர்றவன் உன் கையைத்தானே பாக்குறான்?" என்றார். வலது கைக்கு மாறலாமென்று பார்த்தால் கரண்டி கேட்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஓசூருக்கு வந்தேன். பாக்டரிகள் வந்துகொண்டிருந்த நேரம். மூன்று கேட்டுகளில் நின்று பார்த்தேன். மூன்றிலும் பத்தாவது சர்டிபிகேட் கேட்டார்கள். கடைசியில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடி தாண்டுவதற்கு முன்னால், ரோட்டோரம் இருந்த ஓட்டலில் போய்க் கேட்டேன். முதலாளி கெலமங்கலத்துக்காரர், கனத்த ஆள், எதையும் மெதுவாகச் செய்வார். நான் போட்ட தோசையை நின்றபடியே தின்று முடித்தார். என் கையைப் பார்த்தார்.

"இடதா?"

"ஆமாங்க."

"ஒரு செவுரு கட்டிக்கலாம்" என்றார்.

அடுத்த வாரமே கொத்தனார் வந்தார். சாப்பாட்டு ஹாலுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குமேல் சுவர் எழுந்தது. பழைய அடுப்பை இடித்து என் கைக்குத் தோதாகத் திருப்பிக் கட்டினார்கள். மாவு அண்டா இடது பக்கம். தட்டைத் தள்ளிவிட ஒரு சதுரப் பொந்து வலது பக்கம். தமிழ்நாட்டில் எனக்கென்று ஒருவர் கட்டிக்கொடுத்தது அது ஒன்றுதான். அன்றைக்கு அவர் காலில் விழவும் தயாராக இருந்தேன்.

இரண்டு மாதத்தில் புரிந்துவிட்டது. பின்பக்கம் ஒரு ஆள் நுழைகிற கதவு, மேலே புகைபோக்கி, வலது பக்கம் பொந்து. ரோடு தெரியாது. செக்போஸ்டில் நிற்கிற லாரிகளின் ஹாரன் மட்டும் கேட்கும். பொந்து வழியாக சப்ளையரின் விரல்கள் வரும், தட்டை எடுக்கும், போகும். முகம்கூடக் கிடையாது. மாற்றாள் ஒருவரைச் சேலத்திலிருந்து வரவழைத்துப் பார்த்தார் முதலாளி. அந்த ஆள் இரண்டு நாள் அந்த அடுப்போடு மல்லுக்கட்டினார். "கண்ணாடிக்குள்ள நின்னு சமைக்கிற மாதிரி இருக்குதுங்க, எனக்குத் தலை சுத்துது" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு எனக்கு மாற்றாள் என்ற பேச்சே எழவில்லை. அந்த அடுப்பில் வேறு யாரும் நிற்க முடியாது. வேறு அடுப்பில் என்னை யாரும் நிற்க விடமாட்டார்கள்.

ஞாயிறு பாக்டரிகளுக்கு விடுமுறை. ஓட்டலுக்கும் விடுமுறை. ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார்.

"பெங்களூர் தோசை மாதிரி இல்லேன்னு ஆபீசருங்க சொல்லிட்டே இருக்கானுங்க. நீ ஒண்ணு பண்ணு. ஞாயித்துக்கிழமை போய்த் தின்னுட்டு வா. எப்படி ஊத்துறான், எப்பத் திருப்புறான், பாத்துட்டு வா."

அப்படித்தான் மேலே சொன்ன ஓட்டல்களுக்கெல்லாம் போனேன். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பஸ் ஏறினால் காலை டிபனுக்குப் போய்விடலாம். மற்றவற்றுக்கு ஒன்றிரண்டு தடவை. தோசை ஓட்டலுக்கு ஒவ்வொரு ஞாயிறும்.

அங்கே இடம் பிடிக்க ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடுகிறவனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுவிட வேண்டும். அவன் காபியைக் குடித்து முடிக்கும்வரை அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோட்டு போட்ட வக்கீலும் நிற்பார், மூட்டை தூக்குகிறவரும் நிற்பார். ஹாலின் கோடியில், இடுப்பளவு திட்டுக்குப் பின்னால், அத்தனை பேர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி அந்தக் கல். ஒரே ஈட்டில் பதினாறு தோசை. வெள்ளை வேட்டி கட்டிய மாஸ்டர், துடைப்பத்தால் தண்ணீரை ஒரு வீச்சு வீசி, கரண்டியை எடுத்தாரென்றால் ஹாலில் பாதிப் பேர் சாப்பிடுவதை நிறுத்திப் பார்ப்பார்கள்.

நான் எப்போதும் அவருக்கு நேர் எதிர் மேசைக்குப் பின்னால்தான் நிற்பேன். எவ்வளவு நேரமானாலும் சரி. உட்கார்ந்ததும் மேசைக்கடியில் என் இடது கை தானாக அசையும். அவர் சுழற்றினால் அதுவும் சுழற்றும். திங்கட்கிழமை என் கல்லில் அதையே செய்வேன். அப்படியே வந்தது. ஓரம் முறுகி, நடு பஞ்சாக, வெண்ணெய் ஊறி. சுவருக்கு அந்தப் பக்கம் பாக்டரிக்காரர்கள் பேசிக்கொள்வது கேட்கும்.

"யோவ், மாஸ்டர மாத்திட்டாங்களாய்யா?"

"இல்லய்யா, அதே ஆளுதான். பொந்துல விரலு பாத்தேன்."

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "இனிமே உன்ன யாரு வுடுவா?" என்று என் தோளில் தட்டினார். தமாஷாகத்தான் சொன்னார். அன்று பூராவும் எனக்கு நெஞ்சில் கல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிறு, பெங்களூர் மாஸ்டரே என் மேசைக்கு வந்தார். கடற்கரைப் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழும் பேசுவார்.

"ஏனப்பா, வாரா வாரம் இதே மேசை. தோசை திங்க வர்றியா, என்னைத் திங்க வர்றியா?"

உண்மையைச் சொன்னேன். எங்கே வேலை, எதற்கு வருகிறேன், எல்லாம். கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் சிரித்தார். தன் உதவியாள் ஊரோடு போகப்போகிறான் என்றும், தீபாவளி கழித்து வரும் ஞாயிறு வந்து ஒரு ஈடு போட்டுக் காட்டு என்றும் சொன்னார். திரும்பும்போது அத்திப்பள்ளியில் இறங்காமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் விரட்டித்தான் இறங்கினேன்.

ஐந்து வாரம் இருந்தது. வலது கையால் போட்டுப் பழகினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது:

"என்ன மாஸ்டர், இன்னிக்கு தோசையா, மேப்பா?"

"மேப்புன்னா ஓசூரு எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுய்யா. எல்லைத் தகராறு இதுலயே தீந்துரும்."

பத்துக்கு ஆறு தேறியது. பிறகு எட்டு. முதலாளி ஒரு நாள் பின்கதவில் வந்து நின்று பார்த்தார்.

"வலது கையா?"

"ஆமாங்க."

"எங்க போறதுக்கு?"

நான் தோசையைத் திருப்பினேன். அவர் திட்டவில்லை. "போறதுன்னா போ. அடுப்ப நான் இடிக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். மாஸ்டர் திட்டுக்குப் பின்னால் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். நின்ற பிறகுதான் கவனித்தேன். அண்டா வலது பக்கம் இருந்தது. ஒன்றரை வருடமாக நான் பார்த்தது எல்லாம் எதிரில் உட்கார்ந்து. அவருடைய வலது கை எனக்கு இடது பக்கம் தெரிந்தது. நான் அதை என் கை என்று நினைத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்து முகம் பழகுகிற மாதிரி. இந்தப் பக்கம் வந்து நின்றால் ஒன்றுகூட இருந்த இடத்தில் இல்லை.

முதல் நான்கை வலது கையால் ஊற்றினேன். மெதுவாக, ஆனால் வட்டமாக வந்தன. மாஸ்டர் தலையாட்டினார். அதற்குள் நாற்காலிகளுக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. "ஆறு மசாலா!" என்று ஒரு சப்ளையர், "எட்டு!" என்று இன்னொருவர். அந்த அவசரம் காதில் விழுந்ததுதான் தெரியும். கரண்டி எப்போது கை மாறியது என்று தெரியாது. மீதிப் பன்னிரண்டும் கல்லில் விழுந்து விரிந்தன. என் வாழ்நாளில் அதைவிட நல்ல ஈடு நான் போட்டதில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். நான் எப்போதும் உட்காரும் மேசையில் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோசையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். சப்ளையரைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் என்னவோ மெதுவாகக் கேட்டார். பக்கத்து மேசையும் திரும்பியது.

மாஸ்டர் வந்து என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் தமிழில். "ஆனா இங்க ஜனம் தோசையை மட்டும் திங்கலப்பா. கையையும் சேத்துத்தான் திங்குது."

"செவுரு கட்டினா..." என்று ஆரம்பித்தேன். என் வாயிலிருந்து அது வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. அவர் ஹாலை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அந்தப் பதினாறு தோசையும் மேசைக்குப் போகவில்லை. பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்களும் தேங்காய் துருவுகிறவர்களும் வட்டமாக உட்கார்ந்து தின்றார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். "யாரு போட்டது?" என்று ஒரு அம்மா கேட்டாள். "நான்தான்" என்றேன். "நாளைக்கும் நீயே போடுப்பா" என்றாள்.

அத்திப்பள்ளியில் இறங்கி, எல்லை தாண்டி, வெயிலில் நடந்தே வந்தேன். ஓட்டல் சாத்தியிருந்தது. முதலாளி வாசலில் நாற்காலி போட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே போனாய், என்ன ஆயிற்று என்று எதுவும் கேட்கவில்லை.

"வந்துட்டியா? உளுந்து ஊறிட்டிருக்குது. கிரைண்டர்ல போடணும்" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். அண்டாவில் உளுந்து உப்பி நின்றது. உளுந்து ஊற நாலு மணி நேரமாவது வேண்டும். அப்படியென்றால் காலையில் நான் அங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரண்டியை எடுத்த நேரத்தில் இவர் இங்கே ஊறப்போட்டிருக்கிறார். அளவைப் பார்த்தேன். திங்கட்கிழமைக்கு எப்போதும் போடுகிற அளவு. ஒரு பிடிகூடக் குறையவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே போனேன். ஒரு மழைக்காலத்துக்கு மேல் எங்கும் தங்காதவன், அதன் பிறகு பதினோரு மழைக்காலம் அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றேன்.