பன்னிரண்டு மீன் ரின்கள்

மட்டைப் பெட்டியொன்றை விரித்து, வரிசைக்கு நான்காகப் பன்னிரண்டு மீன் ரின்களை, கடையில் விற்கும் அந்தத் தகர டப்பாக்களை, வண்ணத்தில் கீறியிருந்தாள் என் மச்சாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். ஒன்று கடும் மஞ்சள், அடுத்தது ரோசா, அதற்கடுத்தது நீலம். நிழலே விழாத தட்டையான நிறங்கள். சுற்றிவரத் தடித்த கறுப்புக் கோடு. ரின்னின் லேபலில் உள்ள மீனின் உடம்பில் மட்டும் பழைய அச்சுப் படங்களில் தெரிவதுபோன்ற சின்னப் புள்ளிகள், தீக்குச்சி முனையால் ஒவ்வொன்றாக வைத்தவை. கண்டதும் எனக்கு வந்தது வியப்பு அல்ல, வயிற்றெரிச்சல்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி; அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். சம்பூரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, போரில் இடம்பெயர்ந்து சில வருடங்கள் முகாமில் இருந்தவள். சித்திரம் படித்தவளல்ல. நானோ திருகோணமலை நகரத்தில் சித்திர ஆசிரியை. பொப் ஆர்ட் பற்றி அவளுக்குச் சொன்னதே நான்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் தொடங்கி அமெரிக்காவில் பெருகியது, விளம்பரத்தையும் சித்திரக்கதையையும் ஓவியத்துக்குள் கொண்டுவந்தது என்று குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பாடக்குறிப்புப்போல ஒப்புவித்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: “அப்ப கடைச் சாமானையும் கீறலாமோ?”

நகரத்தில் நடந்த கண்காட்சி ஒன்றுக்கு இருவரும் படம் கொடுத்தோம். என்னுடையது விடியற்காலைத் துறைமுகம். இரண்டு மாத உழைப்பு. தெரிவு செய்ய வந்தவர்கள் அதைத் தலையசைத்துக் கடந்துபோய், அவளுடைய ரின்களின் முன்னால் நின்றுவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இது மச்சாளின் சொந்த ஆக்கம்தானா என்று விசாரித்தார். கடைப்பொருளை அப்படியே எடுத்தாள்வதுதான் இந்தக் கலையின் இயல்பு என்று நான் விளக்கியிருக்க வேண்டும்.

“லேபலைப் பாத்துக் கீறினது, சேர்” என்றேன்.

அவள் படம் திரும்பி வந்தது. என்னுடையது சுவரில் தொங்கியது. அவள் அந்த மட்டையை மடித்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

போன மாதம் வகுப்பில் பொப் ஆர்ட் படிப்பித்துவிட்டு வந்த பின்னேரம், தாங்க ஏலாமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாக் குழைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

“தெரியும் மச்சாள், படம் தெரிவு செய்ய வந்த அந்தப் பெரியவரே அண்டைக்குச் சொன்னவர். நீங்கள் சொன்னது பொய் இல்லையே. பாத்துத்தான் கீறினனான். முகாமில நாலு வருசம் ஒவ்வொரு நாளும் நிவாரணத்தில வந்த அந்த ரின்னைத்தான் பாத்தனான்.”

மன்னிப்புக் கேட்கப் போன எனக்கு அப்போதும் பொறாமைதான் வந்தது. எத்தனை வருடமாக அந்தத் துறைமுகத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போகிறேன். ஒருநாளும் நான் அதை அப்படிப் பார்த்ததில்லை.