துயில்கல் என்று நான் எழுதிய சொல்

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த காலத்தில் போரினால் அங்கே ரயில் ஓடவில்லை. மொன்ட்ரியாலில் பட்டம் பெற்றபின், குதிரைகள் வண்டி இழுத்த பழைய சுரங்க இருப்புப்பாதைகளைப் பற்றிய கண்காட்சிக்குத் தமிழ்க் குறிப்புகள் எழுதும் வேலை வந்தபோது, தண்டவாளத்தைத் தாங்கும் கட்டையைக் குறிக்கும் 'ஸ்லீப்பர்' என்ற சொல்லை, 'துயில்பவர்' என்ற அகராதிப் பொருளைக் கொண்டே அணுகினேன்.

குறுக்கே மரக்கட்டை போட்டால் குதிரையின் கால் இடறும். ஆகவே இருபுறமும் தனித்தனிக் கற்களைப் பதித்து அவற்றின்மேல் இரும்புத் தண்டவாளத்தைப் பொருத்தினார்கள், நடுவழி குதிரைக்கு. எனக்குத் தரப்பட்ட படத்தில் இரும்பு இல்லை. ஒரே அளவான கற்கள் இரண்டு வரிசையாக மூடுபனிக்குள் போயின. நடுவில் புல் சற்றுப் படிந்திருந்தது, சற்று முன்தான் யாரோ நடந்து போனதுபோல. படத்தின் கீழ் 'துயில்கற்கள்' என்று எழுதினேன். அந்தச் சொல்லில் எனக்குப் பெருமையும் இருந்தது.

சாதாரண வாசகருக்குப் புரிகிறதா என்று அறிய, மொன்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் குறிப்பையும் படத்தையும் கொடுத்தேன். மருத்துவமனையில் துப்புரவு வேலை முடித்து வந்திருந்தார்.

"உம்மடை தமிழைப் படிக்க எனக்கும் ஒரு டிகிரி வேணும் போல கிடக்கு," என்று சிரித்தவர், படத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டார்.

"இது ஆர் எடுத்த படம், தங்கச்சி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போராடி இறந்தவர்களை அடக்கம் செய்த இடத்தை எங்கள் ஊரில் துயிலும் இல்லம் என்போம். அக்காவின் தம்பியும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தான். அந்த இடம் பின்னர் ராணுவத்தால் தரைமட்டமாக்கப்பட்டது. அவனுடைய கல்லின் படம் ஒன்றேனும் யாரிடமாவது இருக்கும் என்று அவர் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் விரல் படத்தில் கல் கல்லாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"இது அவன்ரை. மூலை உடைஞ்சு கிடக்கு, பாரும். விளக்கு வைக்கேக்கை நான்தான் இடிச்சனான்."

மூலை உண்மையாகவே உடைந்திருந்தது. பல நாள் பார்த்த படத்தில் அதை நான் கண்டதே இல்லை.

பேசாமலிருந்தால் அவர் தேடுவதை நிறுத்திவிடுவார். பொய்யான ஒன்றில் நிறுத்துவார். அதற்கு நான் பொறுப்பாவேன். சொல்லிவிட்டேன்: இங்கிலாந்து, சுரங்கம், குதிரை, கல்லின் நடுவே ஆணி இறக்கிய துளைகள்.

அவர் படத்திலிருந்த துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அட, சிலிப்பர் கட்டையே? நாங்கள் ரயில் பாதையிலை கழட்டி, குண்டுக்குப் பயந்து பங்கருக்கு மேலை அடுக்கினதெல்லாம் அதுதானே. துயில்கல்லாம்! சொல்லை மாத்தும், பிள்ளை."

"ஓம் அக்கா. படத்தைத் தாங்கோ."

"படம் என்னட்டை இருக்கட்டும்."

"அக்கா, அது அவரின்ரை இல்லை."

"தெரியும். பேனை இருக்கே?"

அந்தக் கல்லில் தம்பியின் பெயரை எழுதித் தரச் சொன்னார். என்னால் முடியவில்லை. பேனையை மட்டும் கொடுத்தேன். அவரே எழுதினார். நான் தடுக்கவில்லை.