கோட்டைகளுக்கு நடுவே ஒரு ரைஸ் குக்கர்

பிரான்சுக்கு சைக்கிள் ஓட்டப் போனவர்கள் எதற்கு ரைஸ் குக்கர் தூக்கிப் போனீர்கள் என்று கேட்காத ஆள் இல்லை. டெக்சஸில் பாட்லக் சாப்பாட்டுக்கு இருபது வருடமாகப் பட்டியல் போட்டுப் பழகியவர்கள் நாங்கள். நான்கு பேர் எங்கே கிளம்பினாலும் யார் எதைக் கொண்டுவருவது என்பதுதான் முதல் கேள்வி. காப்பெல் என்ற ஊரிலிருந்து வந்த இருவருக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும். எனக்கு அரிசி. ரவுண்ட் ராக்கில் என் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஈரோட்டுக்காரனுக்குக் குக்கர்.

லுவார் ஆற்றங்கரையில் ஐந்து நாளில் பதினொரு கோட்டை என்பது திட்டம். மூன்றாவது கோட்டைக்கு மேல் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கூம்புத் தொப்பி மாதிரி கோபுரம், ஒரு அகழி, ராஜா படுத்த கட்டில், ராஜாவின் வைப்பாட்டி படுத்த அதைவிடப் பெரிய கட்டில். ஐம்பது வயதில் பின்பக்கம் பஞ்சு வைத்த கால்சட்டையை மாட்டிக்கொண்டு இதைப் பார்க்க வரிசையில் நின்றோம். சைவம் என்று சொன்னால் மீனைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம், ஒரு வயதான அம்மா நடத்தும் சின்ன விடுதி. நானும் ஈரோட்டுக்காரனும் ஒரே அறை. அவன் அரிசியைக் கழுவிக் குக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். எனக்குப் பசி. போனுக்கு வைத்திருந்த அடாப்டரில் பின்னைச் செருகி சுவிட்சைத் தட்டிவிட்டு, கீழே தோட்டத்தில் பியர் குடித்துக்கொண்டிருந்த மற்ற இருவரோடு போய் உட்கார்ந்தேன்.

அமெரிக்காவில் வாங்கிய குக்கருக்கு நூற்றுப்பத்து வோல்ட். பிரான்சில் அதைப்போல இரண்டு மடங்கு. அதைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அவன் பையிலேயே இருந்தது. ஊரில் அந்த இரண்டு மடங்கிலேயே வளர்ந்தவன், எனக்கு இது தெரியாமல் இல்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். சில நிமிடத்தில் மேலே டப்பென்று ஒரு சத்தம். விடுதி முழுக்கக் கரண்ட் போய்விட்டது. நாங்கள் மாடியேறியபோது அந்த அம்மா எங்களுக்கு முன்னால் போயிருந்தார். துண்டு கட்டிக்கொண்டு, தலையெல்லாம் சோப்பு நுரையோடு, புகைகிற குக்கருக்குப் பக்கத்தில் நின்று ஈரோட்டுக்காரன் கைகூப்பிக்கொண்டிருந்தான்.

"நீ மாட்டுனியாடா?" என்று என்னைக் கேட்டான்.

"நான் கீழதான இருந்தேன்" என்றேன்.

அது பொய் இல்லை. வாயைத் திறந்தால் உண்மைதான் பேசுவேன் என்று பெயர் வாங்கியவன் பொய் சொல்ல வேண்டி வந்தால் இப்படித்தான் சொல்வான்.

நாங்கள் நால்வரில் அவன் ஒருவன்தான் எலக்ட்ரிக்கல் இன்ஜினீயர். காப்பெல்காரர்கள் சும்மா விடுவார்களா? மறுநாள் காலை முழுக்க, மேடு வரும்போதெல்லாம், என்ன சார், வோல்ட்டேஜ் பத்தலையா என்று கேட்டார்கள். நானும் கேட்டேன். அவர்களைவிடச் சத்தமாகக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டே இருந்தான்.

மதியம் ஆற்றோரமாக ரொட்டி தின்ன உட்கார்ந்தோம். மற்ற இருவரும் போட்டோ எடுக்க நகர்ந்ததும் அவன் என் பக்கம் தள்ளி உட்கார்ந்தான்.

"எனக்கு அதை மாட்டுன ஞாபகமே இல்லடா. சுத்தமா இல்ல" என்றான். "எங்கப்பாக்கும் இப்படித்தான் ஸ்டார்ட் ஆச்சு. மொதல்ல கேஸை ஆஃப் பண்ண மறந்தாரு. ரெண்டு வருசத்துல என்னையே மறந்துட்டாரு."

அன்று காலை, டெக்சஸில் என்ன நேரம் என்றுகூடப் பார்க்காமல், மனைவியை எழுப்பி நரம்பு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கச் சொல்லியிருக்கிறான். பிறகு, இதுவரை பார்த்த கோட்டைகளை வரிசையாகச் சொல்கிறேன், சரியா என்று பார் என்றான். விரல் விட்டுச் சொன்னான். ஐந்தாவது பெயரில் நின்று என் முகத்தைப் பார்த்தான். எனக்கு ஒரு பெயர்கூட ஞாபகமில்லை.

டாக்டர் எப்படியும் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார், நாம் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று அப்போதும் யோசித்தேன். அவ்வளவு கேவலமான புத்தி எனக்கு. அவன் திரும்ப முதல் கோட்டையிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.

"நான்தான்டா மாட்டினேன்" என்றேன். "மாட்டிட்டுத்தான் கீழ போனேன்."

"நெஜமா?"

"நெஜம்தான்."

"என்னைச் சமாதானம் பண்றதுக்குச் சொல்றியா?"

"இல்லடா. பசிச்சுது, மாட்டினேன். நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லல."

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் போனை எடுத்து மனைவிக்குப் போட்டு, என் கையில் கொடுத்தான். சொல்லு என்றான். அங்கே அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும். சொன்னேன்.

"அண்ணா, அவர் கால் பண்ணதுலேர்ந்து நான் தூங்கல" என்றார். "டென்த் படிக்கற பொண்ணுகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு ப்ராக்டிஸ் பண்ணிட்டு இருந்தேன். நீங்க பியர் குடிச்சீங்களா?"

ஆமாம் என்றேன். போனை அவரிடம் கொடுங்கள் என்றார்.

டாக்டர் வேண்டாம் என்று மட்டும் சொல்லி அவன் போனை வைத்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து தலையில் ஊற்றிக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சைக்கிளை எடுத்தான்.

எதிரே மேடு, அதன் உச்சியில் அன்றைக்குப் பார்க்க வேண்டிய கோட்டை. அந்தத் தொப்பையோடு அவன் அப்படி மிதித்து நான் பார்த்ததில்லை. கோட்டை வாசலில் நிற்பான் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அதையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிய இருவரும், வோல்ட்டேஜ் ஏறிடுச்சு போல என்று சிரித்தார்கள். உட்காருங்கடா, ஒண்ணு சொல்லணும் என்றேன்.